ஒரு செம்பு மண்டி

இப்போதெல்லாம் மனுசர்களுக்குக் கடவுள் நாக்கை எதற்குக் கொடுத்தார் என்றே சந்தியாகுவுக்கு விளங்கவில்லை. இலையில் குழம்பு விழுந்ததும் விரலால் தொட்டு நக்கிப் பார்க்கிற ஒருத்தனைக் காணோம். மணிக்கட்டில் கட்டியிருப்பதைச் சோற்றுக்கு மேலே நீட்டுகிறான். அது பச்சையாக மினுங்கினால் "நல்லாருக்கு" என்கிறான். போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் பாயசத்தைத் தொடாமலே, "முந்திரி பழசு" என்று ஒதுக்கினான். "வாயில வச்சுப் பாருய்யா" என்றார் இவர். "எதுக்குங்க, அதான் சொல்லிருச்சே" என்றான். பல் முப்பத்திரண்டும் இருக்கிற பயல்.

அந்த எரிச்சல் தீராமலேதான் அன்றைக்குக் காலையில் ஒயின் கொட்டகை வாசலில் நின்றார். நின்றார் என்றும் சொல்ல முடியாது. உள்ளே போனார். வெளியே வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடியும் எடுத்து உதறினார்.

"அப்பா, ஒரு எடத்துல உக்காருங்களேன். காலு கடுக்கலையா?" என்றான் மகன் ஜெரோம்.

"என் காலு, என் கடுப்பு. நீ உன் சோலியப் பாரு."

ஜெரோம் சிரித்துக்கொண்டான். கம்பம் பள்ளத்தாக்கில் தேவசகாயம் தோட்டம் என்றால் தெரியாதவர் இல்லை. ஐந்து தலைமுறையாகத் திராட்சைக் கொடி, ஐந்து தலைமுறையாக ஒயின். ஆனால் இப்போது ஒயினுக்குத் திராட்சையே வேண்டாம் என்று ஆகிவிட்டது. எந்த நாட்டு ருசி வேண்டுமென்று சொன்னால் போதும், தொட்டியில் கலக்கி எடுத்துவிடுகிறார்கள். அப்படியிருக்கும்போது தோட்டத்து ஒயினை எவன் வாங்குவான்? அதற்குத்தான் அரசாங்கம் மூலச் சான்று என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அதைக் கொடுக்கத்தான் கோயம்புத்தூரிலிருந்து ஆத்யா என்று ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு வெள்ளைக் குச்சி. தெர்மாமீட்டரை நாலு மடங்கு நீட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஊரில் அதற்கு மோப்பக்குச்சி என்று பேர்.

"இது என்னத்தா செய்யும்?" என்று கேட்டார் சந்தியாகு.

"ஒயினை ஒயினாக்குறது உங்க உறையில இருக்கிற ஈஸ்ட்தானே தாத்தா. அது உயிருள்ளது. அதுக்குத் தாய், பாட்டி, பூட்டின்னு பரம்பரை உண்டு. இந்தக் குச்சி அந்தப் பரம்பரையைப் படிச்சிடும். உறை எந்த வீட்டுலேருந்து ஆரம்பிச்சதோ, அந்த வீட்டுக்குத்தான் சொந்தம். அதுதான் மூலச் சான்று."

"வேற எங்கேருந்தோ வந்ததுன்னு சொல்லிட்டா?"

"சான்று கிடைக்காது. உங்க ஒயினும் தொட்டி ஒயினும் ஒண்ணுன்னு ஆயிடும்."

"அப்புறம் கொடியையெல்லாம் பிடுங்கிட்டு வாழை வைக்க வேண்டியதுதான்" என்றான் ஜெரோம். விளையாட்டாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை.

ஆத்யா உறைச் சாடியைத் திறந்து குச்சியை விட்டாள். சந்தியாகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் குச்சி எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். பாட்டனுக்கு உறை கொடுத்த வெள்ளைக்காரச் சாமியாரிடம் போய் நிற்காது. மேற்கே தென்னந்தோப்பில், மரமேறி மொக்கைச்சாமியின் கள்ளுப்பானையில் போய் நிற்கும்.

முப்பத்தஞ்சு வருசமாக அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாத சங்கதி அது.

பெரிய பாட்டன் தேவசகாயம் ஒரு வெள்ளைக்காரச் சாமியாரிடம் தோட்ட வேலை பார்த்தவர். பூசைக்கு ரசம் வேண்டுமென்று சாமியார் கொடி நட்டார். ஊருக்குத் திரும்பும்போது கொடியையும் ஒரு சாடி உறையையும் பாட்டனிடம் கொடுத்துவிட்டுப் போனார். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு செம்பு ரசத்தை அடிவண்டலோடு எடுத்து வைத்து, அடுத்த அறுப்புச் சாற்றில் ஊற்றுவார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தவக்காலம் நாற்பது நாளும் சாடியைத் திறக்கக் கூடாது. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் புதுச் சாற்றைத் தீனியாக ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிவிட வேண்டும். பிறகு ஈஸ்டர் காலையில்தான் திறப்பார்கள்.

முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால் சந்தியாகுவின் அப்பா சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை செத்துப்போனார். செவ்வாய்க்கிழமை அடக்கம். கல்லறையிலிருந்து வந்த கையோடு சந்தியாகு சாடியைக் கட்டிச் சுண்ணாம்பு பூசினார். தீனி ஊற்ற மறந்துபோனார். ஈஸ்டர் அன்று உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஆடை படிந்து, நனைந்த சாக்கு மாதிரி நாற்றம். உறை செத்துக்கிடந்தது. அறுப்புக்குப் பத்து நாள் இருந்தது.

அப்பன் செத்து இரண்டு மாசம் ஆவதற்குள் நூறு வருச உறையைக் கொன்றவன் என்று ஊர் பேசும். அவர் சாடியைக் கால்வாயில் கொட்டினார், வெந்நீரில் கழுவினார், ஒரு செம்பை எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தார். கள்ளுக்குத் தடை இருந்த காலம். மொக்கைச்சாமி மரத்து மேலே இருந்தான்.

"என்ன மொதலாளி, ஈஸ்டரும் அதுவுமா கள்ளுக்கு வந்துட்டீக?"

"கள்ளு வேணாம்டா. மண்டி வேணும்."

கீழே இறங்கி வந்தவன் செம்பைப் பார்த்தான், இவர் முகத்தைப் பார்த்தான். பானையடியில் தங்கியிருந்த வண்டலை வழித்து ஊற்றினான். "இத எங்க வீட்ல ஆப்ப மாவுக்குத்தான் ஊத்துவா. சாமி ரசத்துக்கும் ஆவும்னா நல்லதுதான்" என்று சிரித்தான்.

"யாருகிட்டயும் சொல்லிறாதடா."

"மரத்து மேல இருந்து பாக்குறதையெல்லாம் கீழ எறங்கிச் சொன்னா நான் பொழைக்க முடியுமா மொதலாளி?"

அந்தச் சாறு மூன்றாம் நாளே பொங்கி வழிந்தது. அந்த வருசத்து ஒயினில் ஏதோ ஒன்று இருந்தது. குடித்தவன் இன்னதென்று சொல்லத் தெரியாமல் இன்னொரு கிளாஸ் கேட்டான். வெளிநாட்டில் பதக்கம் கொடுத்தார்கள். பாட்டில் மேலே 'நூறாண்டு உறை' என்று அச்சடித்தது அதற்குப் பிறகுதான். சந்தியாகு பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் வாயைத் திறந்தார். "உறைய மாத்துனது பாவத்துல சேராதுப்பா. சொல்லாம இருக்கியே, அது சேரும்" என்று சொன்ன சாமியார் மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். அந்தச் சாமியாரும் இப்போது இல்லை. மொக்கைச்சாமி செத்தும் பன்னிரண்டு வருசம் ஆகிறது.

நாலு நாள் கழித்து ஆத்யா முடிவோடு வந்தாள். அந்த நாலு நாளும் சந்தியாகு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஜெரோமிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவன் அறை வாசல் வரை போய், மூன்று தடவையும் மோட்டாரைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"மூலம் இந்த வீடுதான். சந்தேகமே இல்ல" என்றாள் ஆத்யா. ஜெரோம் எழுந்து நின்று கைதட்டினான்.

சந்தியாகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொருக்காச் சொல்லு தாயி."

"உங்க உறையும், பூசை அறையில இருக்கிற உங்க பெரிய பாட்டன் பாட்டிலும் ஒரே பரம்பரை. அந்த பாட்டில் நூத்துச் சொச்ச வருசத்துக்கு முந்தினது. அதுதான் எங்களுக்கு அளவுகோல்."

"அந்த பாட்டிலயா மோந்துச்சு?" சந்தியாகுவுக்குச் சிரிப்பு வந்தது. "ஏத்தா, ஈஸ்டருக்கு ஈஸ்டர் வீட்ல இருக்கிற அத்தனை பேருக்கும் அதுலேருந்துதான் ஆளுக்கொரு கரண்டி. குறைஞ்சதை அந்த வருசத்து ஒயின ஊத்திக் கழுத்து வரைக்கும் நெரப்பி வைப்போம். பாட்டன் பாட்டில் குறையக் கூடாதுங்கறது எங்க வீட்டுப் பழக்கம். ரெண்டு மூணு பாட்டில் அளவு உள்ள போயி வெளிய வந்துருச்சு. அதுல பாட்டன் காலத்துது என்னா இருக்கும், பாட்டிலத் தவிர?"

"அதைச் சொல்லித்தான் குச்சிகிட்ட குடுத்தோம் தாத்தா. கலந்ததைக் கழிச்சிட்டுத்தான் பார்க்கும். கழிச்ச பிறகும் ஒரே பரம்பரைதான்னு வந்திருக்கு."

"எதக் கழிச்சு எத மிச்சம் வைக்கும்? உள்ள இருக்கிறது பூராவும் ஒண்ணா இருந்தா, ஒண்ணுன்னுதான சொல்லும்?"

ஆத்யா ஜெரோமைப் பார்த்தாள். அவன் கண்ணைக் காட்டினான். அவள் அடுத்த தாளைப் புரட்டினாள்.

"இன்னொரு விசயம். பள்ளத்தாக்குல எல்லா இடத்துலயும் மாதிரி எடுத்தோம். மேற்குத் தோப்புல முகிலான்னு ஒருத்தவங்க கள்ளாப்பக் கடை வச்சிருக்காங்க. அவங்க பானையிலயும் உங்க உறைதான் இருக்கு. மூலம் உங்களுதுன்னு ஆனதால, அவங்க அதை வச்சிருக்கக் கூடாது. பானையெல்லாம் மருந்து போட்டுக் கழுவணும். மாவைக் கொட்டணும். நீங்க இந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டாத்தான் சான்று கிடைக்கும்."

"மொக்கைச்சாமி மகதான?" என்றான் ஜெரோம். "அவரு அறுப்புக்கு நம்ம தோட்டத்துக்கு வந்து போனவருதான். எப்பவோ ஒரு செம்பு தூக்கிட்டுப் போயிருப்பாரு."

சந்தியாகு எழுந்துவிட்டார். "தூக்கிட்டு வந்தது நான்டா!"

எல்லாவற்றையும் சொன்னார். அப்பா செத்த திங்கட்கிழமை, ஊற்றாத தீனி, சாக்கு நாற்றம், கால்வாய், செம்பு, மண்டி. சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது. முப்பத்தஞ்சு வருசத்தை இறக்கி வைக்கிறோம் என்று நினைத்தார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. இரக்கம்தான் இருந்தது.

ஜெரோம் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "அப்பா, போன வாரம் மோட்டார் சாவிய எங்க வச்சீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்னடா?"

"ஃபிரிட்ஜுல வச்சீங்க. நாங்க ஒண்ணும் சொல்லல."

"சாவி போன வாரம் வச்சது, மறந்துபோச்சு. இது முப்பத்தஞ்சு வருசமா மறக்க முடியாதது. ரெண்டும் ஒண்ணா?"

"தப்பா நினைக்காதீங்க தாத்தா" என்றாள் ஆத்யா. அவள் குரலும் நல்ல குரல்தான். "அப்பா இறந்த சமயம். மனசுல குற்ற உணர்ச்சி இருந்திருக்கும். கேட்டது, பயந்தது எல்லாம் பின்னாடி நடந்த மாதிரியே பதிஞ்சிடும். மனுச ஞாபகம் அப்படித்தான்."

"அப்ப உன் குச்சிக்கு முன்னால நான் யாரு?"

சந்தியாகு புகார்த் தாளைத் தள்ளினார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். அம்புட்டுத்தான்."

ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டான். "உங்க கையெழுத்து இனி வேணாம்ப்பா. நீங்க சொன்னத ஆத்யா பதிஞ்சுட்டாங்க. குச்சிக்கு நேர்மாறா தோட்டத்துக்காரர் சொன்னா, ஞாபகக் குறைவுன்னு எடுத்துக்கிட்டு வாரிசுகிட்ட கேக்கணும்ங்கறது விதி. நான் மணிக்கட்டுலயே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"பேசிக்கிட்டு இருக்கும்போதேவா?"

"தோட்டம் போயிரும்ப்பா. எனக்கு வேற வழி தெரியல."

சந்தியாகு மகனை வெகுநேரம் பார்த்தார். இவன் நம்பாமல் பேசுகிறானா, நம்ப முடியாமல் பேசுகிறானா என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். பிடிபடவில்லை. முன்னாலெல்லாம் பிடிபடும்.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் தோப்புக்கு நடந்தார். முந்தின நாள் சாயங்காலமே ஆத்யாவின் ஆட்கள் வந்து போயிருந்தார்கள். கடை வாசலில் பானைகள் கவிழ்ந்து கிடந்தன. மருந்து வாடை மூக்கை அரித்தது. அவளையே கொட்டச் சொல்லி அவர்கள் விட்டுப்போன ஒரே ஒரு பெரிய அண்டாவில் மட்டும் ஆப்ப மாவு பொங்கி, மேலே குமிழி குமிழியாக வெடித்துக்கொண்டிருந்தது. முகிலா அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டிய பெண். அப்பனுடைய அதே அகலமான நெற்றி.

இவரைக் கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாங்க பெரியவரே. நானே வரணும்னு இருந்தேன். எந்த முகத்த வச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியல."

"உனக்கு என்னடி வந்துச்சு முகத்துக்கு?"

"எங்க அய்யா இப்படிச் செஞ்சிருப்பாருன்னு நெனைக்கவே இல்ல. பத்து ரூவா கீழ கெடந்தாலும் எடுக்க மாட்டாரு. உங்க வீட்டுச் சாடியில போய்க் கை வச்சிருக்காரு பாருங்க. மன்னிச்சுக்கங்க பெரியவரே."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் சந்தியாகு வந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே, நேற்று சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த முறை நிதானமாகச் சொன்னார். எந்த மரம் என்று கையைக் காட்டினார். அந்த மரம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. செம்பு எப்படி இருந்தது, அவள் அப்பன் என்ன சொல்லிச் சிரித்தான் என்பதையும் சொன்னார்.

அவள் கேட்டாள். கண் கலங்கியது. "நீங்க பெரிய மனசுக்காரவுக" என்றாள்.

"என்னடி?"

"நாங்க கெட்டுப்போகக் கூடாதுன்னு உங்க மேலயே பழியப் போட்டுக்கிறீக. வேற யாரு செய்வா?"

"அட இவளே! நான் நல்லவன் இல்லடி. நல்லவனா இருந்தா முப்பத்தஞ்சு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்திருப்பனா? உங்க அப்பன் குடுத்ததுதான் என் தோட்டம். அவன் எடுக்கல, நான்தான் வாங்குனேன்."

"குச்சி பொய் சொல்லாதுல்ல பெரியவரே?"

"குச்சி என்னத்தக் கண்டுச்சு? நாங்க நீட்டுனத மோந்து பாத்துச்சு. நீட்டுனதுதான் தப்பு."

அண்டாவில் ஒரு குமிழி வெடித்தது. "ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். "ஈஸ்டர் அன்னைக்கு உங்க கோயில் மணி அடிச்சா எங்க அய்யா தனியா உக்காந்து சிரிப்பாரு. என்னாய்யான்னு கேட்டா சொல்ல மாட்டாரு. வருசம் தவறாம சிரிப்பாரு."

சந்தியாகு அவள் கையைப் பிடித்துவிட்டார். "அதான்! அதத்தான்டி சொல்றேன்! இப்பவாச்சும் நம்புறியா?"

முகிலா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "அப்பல்லாம் புரியல. இப்பத்தான் புரியுது. உங்க சாடியிலேருந்து எடுத்தத நெனைச்சுச் சிரிச்சிருக்காரு."

அவர் அண்டாவைக் காட்டினார். "இத கொட்டாத. ஒரு செம்பு எடுத்து எங்கயாச்சும் ஒளிச்சு வையி. நான் கோர்ட்டுக்குப் போறேன். எங்கயாச்சும் போறேன்."

"வேணாம் பெரியவரே. திருட்டுச் சொத்து எங்களுக்கு வேணாம். எங்க அய்யா பேரு போனது போதும்."

அவள் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துச் சாய்த்தாள். மாவு வெள்ளையாக, மெதுவாக, நுரைத்துக்கொண்டே தென்னை மூட்டில் இறங்கியது. மண் அதைக் குடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. புளிச்ச வாடை எழுந்து மருந்து வாடையை ஒரு நிமிசம் அமுக்கியது. சந்தியாகு மூக்கை உறிஞ்சினார். ஈஸ்டர் காலையில் செம்பிலிருந்து வந்த அதே வாடை. அவர் மூக்குக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"பெரியவரே," முகிலா கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு பரிவு. "வீட்டுக்கு வழி தெரியுமா? தனியா வந்திருக்கீகளே. ஜெரோம் தம்பிக்குப் போன் போட்டு வரச் சொல்லட்டுமா?"

அவர் திரும்பவில்லை. பின்னால் அவள் போனில் பேசுவது கேட்டது. "ஆமாங்க, இங்கதான் வந்தாரு. பாவம், என்னென்னமோ சொல்றாரு. நான் பாத்துக்கிறேன், நீங்க வாங்க."

"குச்சியாம் குச்சி" என்று காறித் துப்பினார். எதிரே வந்த சைக்கிள்காரன் ஒதுங்கி, மணிக்கட்டை இவர் பக்கம் நீட்டிப் பார்த்துக்கொண்டே போனான். சந்தியாகு வாய்க்கால் வரப்பில் ஏறி நடந்தார். வீட்டுப் பக்கம் போகவில்லை.